யூன் மாதப் பூவிலிருந்து டிசம்பர்க் கோப்பை வரை: டேனிஷ் மரபுப் பானங்களை வீட்டில் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கின் வீட்டுப் பானங்களைச் செய்யப் பழகுபவர்கள் பெரும்பாலும் அடுப்படியில்தான் கவனம் செலுத்துகிறார்கள். சீனி எவ்வளவு, எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். நான் பல ஆண்டுகளாக டென்மார்க்கின் தீபகற்பமான யூலாந்தில் இவற்றைச் செய்தும், புதிதாக வந்த குடும்பங்களுக்குச் செய்து காட்டியும் கண்டது வேறு. பானம் கெடுவது அனேகமாக அடுப்புக்கு வருவதற்கு முன்னரே, பறிக்கும் நாளிலும் பறிக்கும் இடத்திலும்தான்.

இவ்வழிகாட்டி நான்கு பானங்களை ஆண்டின் ஒழுங்கில் எடுத்துக்கொள்கிறது. ஹ்யூல் (ஆங்கிலத்தில் எல்டர்) என்ற ஒரே செடியின் பூ யூனில் ஒரு பானமாகிறது. அதன் பழம் செப்ரெம்பரில் இன்னொரு பானமாகிறது. குளொக் என்பது வாசனைத் திரவியங்கள் சேர்த்துச் சூடாகக் குடிக்கும் வைன்; அந்தப் பழச்சாறே டிசம்பரில் மதுவில்லாத குளொக்குக்கு அடிப்படையாகிறது. இடைப்பட்ட கோடையில் ஸ்னாப்ஸ் எனும் கடும் மதுவில் மூலிகை ஊறவைக்கலாம். பூப்பானத்தை மட்டும் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அதை ஒழுங்காகச் செய்யக் கற்றவருக்கு மற்றவை எளிதாகிவிடும்.

1. மே மாத முடிவுக்குள் வாங்கி வைக்க வேண்டியவை

பூ மலர்ந்த பிறகு கடைக்கு ஓடக் கூடாது. பறித்த பூ சில மணி நேரத்திலேயே மணம் மாறத் தொடங்கிவிடும் என்பதால், எல்லாப் பொருளும் வீட்டில் இருந்த பின்னரே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு முறை செய்வதற்கு 2 லீற்றர் தண்ணீர், 1.5 கிலோ சீனி, 4 எலுமிச்சம்பழம், 50 கிராம் சிற்றிக் அமிலம், 40 பூங்கொத்துகள் என்ற அளவை நான் கைக்கொள்கிறேன். இதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை லீற்றர் செறிந்த பானம் கிடைக்கும்.

எலுமிச்சம்பழத்தைத் தோலோடு போடுவதால், தோலில் மெழுகோ பூஞ்சைக்கொல்லியோ பூசப்படாத பழம் வேண்டும். இயற்கை வேளாண்மைக்கான சிவப்பு முத்திரை உள்ள பழத்தை வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

சிற்றிக் அமிலத்தில் புதியவர்கள் தவறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். டேனிஷ் கடைகளில் அது இரண்டு இடத்தில் இருக்கும்: கேக் செய்யும் பொருட்களின் தட்டில் ஒன்று, கேத்தலில் படியும் சுண்ணாம்பை நீக்குவதற்காகத் துப்புரவுப் பொருட்களின் தட்டில் இன்னொன்று. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது உணவுக்கானது அல்ல. பொதியில் உணவுப் பயன்பாடு என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

பாத்திரம் துருப்பிடிக்காத உருக்காகவோ, உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளியாகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தை அமிலம் அரிக்கும். பானத்தில் உலோகச் சுவை ஏறிவிடும். இவற்றுடன் மெல்லிய வடிதுணி ஒன்று, புனல் ஒன்று, இறுகப் பூட்டும் மூடியுள்ள போத்தல்கள் சில, பூப் பறிக்க ஒரு கூடை ஆகியவை தேவை. பிளாஸ்டிக் பையில் பூ வியர்த்து, வீடு வந்து சேர்வதற்குள் பழுப்பாகிவிடும் என்பதால் கூடையே சிறந்தது.

2. செடியைச் சரியாக அடையாளம் காணுதல்

பூவில்லாத காலத்திலும் ஹ்யூலை அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள். இது புதராகவோ சிறு மரமாகவோ வளரும். முதிர்ந்த பட்டை தக்கை போல வெடித்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும். இலைகள் தண்டில் நேருக்கு நேர் சோடியாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையிலும் ஓரம் பல் வெட்டிய 5 அல்லது 7 சிற்றிலைகள் இருக்கும். சிறு கிளையை உடைத்தால் உள்ளே வெண்மையான, மென்மையான சோறு, அதாவது தண்டின் நடுவிலுள்ள பஞ்சு போன்ற பகுதி, தெரியும். பூங்கொத்து விரிந்த உள்ளங்கை அளவில் தட்டையாக இருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு பூவும் ஐந்து இதழ் கொண்ட, நெல் அளவேயான மஞ்சள் கலந்த வெள்ளைப் பூ.

வெள்ளைக் கொத்துப் பூ என்றதும் பறிப்பது ஆபத்தான பழக்கம். தெருவோரத்தில் குடை போல விரிந்து நிற்கும் வெள்ளைப் பூக்கள் பலவும் கரட் குடும்பத்துப் பூண்டுகள், அதாவது மரத்தன்மை இல்லாத செடிகள். அவற்றுள் பியோர்னெக்லோ எனப்படும் இராட்சதப் பூண்டின் சாறு தோலில் பட்டபின் வெயிலும் பட்டால் கொப்புளமும் தீக்காயம் போன்ற புண்ணும் வரும். பூண்டுகளுக்கு மரத்தண்டு கிடையாது, ஹ்யூலுக்கு உண்டு. இந்த ஒரு சோதனையே அவற்றை விலக்கிவிடும்.

ரோன் என்ற மரமும் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும். ஆனால் அதன் இலைகள் சோடியாக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும், சிற்றிலைகளும் அதிகம். கூம்பு வடிவக் கொத்தாக, வசந்தத்தில் முந்திப் பூக்கும் செம்பழ ஹ்யூல் வகையையும் விட்டுவிட வேண்டும். இடுப்பளவு உயரத்தில் மரத்தன்மை இல்லாமல் வளரும் பூண்டு ஹ்யூல் நச்சுத்தன்மை கொண்டது. சிறிதளவு ஐயம் இருந்தாலும் அந்தச் செடியை விட்டு அடுத்த செடிக்குப் போவதே சரி.

3. பறிக்கும் நாளும் பறிக்கும் விதமும்

ஹ்யூல் டென்மார்க்கில் யூன் மாதத்தில் பூக்கும். ஆண்டின் வெப்பத்தைப் பொறுத்துச் சில நாட்கள் முன்பின்னாக அமையும். யூன் 23 இரவு சங்க்ட் ஹான்ஸ் எனும் நடுக்கோடை விழாவுக்குத் தீ வளர்க்கும் நேரத்தில் பெரும்பாலும் பூ நிறைந்திருக்கும். கடற்கரையிலும் நிழலிலும் உள்ள செடிகள் சற்றுப் பிந்தும்.

மழை பெய்த மறுநாள் பறிக்க வேண்டாம். மணத்தில் பெரும்பகுதி இருப்பது மகரந்தத்தில்தான். மழை அதைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு, பனி உலர்ந்த முற்பகலே நல்ல நேரம். நல்ல கொத்தைக் கையால் தட்டினால் விரல் நுனியில் மஞ்சள் மா ஒட்டும். ஒட்டாவிட்டால் அது பிந்திய பூ அல்லது நனைந்த பூ.

பறிக்கும் முன் ஒவ்வொரு கொத்தையும் முகர்ந்து பாருங்கள். புதுப் பூ எலுமிச்சையையும் பழுத்த பழத்தையும் சேர்த்தது போல மணக்கும். முதிர்ந்த பூவில் பூனைச் சிறுநீர் வாடை வரும். இந்த ஒப்பீட்டை டேனிஷ்காரர்களே சொல்வார்கள், அது மிகச் சரியானது. அப்படிப்பட்ட இரண்டு கொத்து சேர்ந்தாலே முழு வாளியும் கெடும். செடிக்குச் செடி மணம் வேறுபடுவதால், நல்ல செடி ஒன்றைக் கண்டுகொண்டால் அடுத்த ஆண்டுக்காக இடத்தைக் குறித்து வையுங்கள்.

வாகனம் ஓடும் பெருந்தெரு ஓரத்திலும், மருந்து தெளித்த வயலின் எல்லையிலும் பறிக்கக் கூடாது. இந்தப் பூவை நாம் கழுவப்போவதில்லை என்பதே காரணம். அரச காட்டில் சொந்தத் தேவைக்கு அளவாகப் பறிக்க அனுமதி உண்டு. வீட்டு வேலியில் நிற்கும் செடியானால் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டே பறியுங்கள். இதுவரை எவரும் எனக்கு மறுத்ததில்லை. ஒரே செடியை மொட்டையடிக்காதீர்கள், ஏனெனில் செப்ரெம்பரில் பழம் வேண்டும்.

4. ஊறவைத்தல்

வீட்டுக்கு வந்ததும் பூக்களை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் விட்டால், சிறு வண்டுகள் தாமாக வெளியேறும். எஞ்சியவற்றை மெதுவாகத் தட்டி விடுங்கள். பூவைத் தண்ணீரில் அலசக் கூடாது. எங்கள் வீடுகளில் கீரையையும் பூவையும் கழுவாமல் பயன்படுத்துவது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே கழுவினால் மணம் கழிநீரோடு போய்விடும்.

அடுத்து, பச்சைக் காம்புகளை வெட்டி விடுங்கள். பூவைத் தாங்கும் மயிரிழைக் காம்புகள் இருந்தால் பரவாயில்லை. தடித்த காம்பு இருக்கக் கூடாது. அது கசக்கும், அத்துடன் ஹ்யூலின் இலை, தண்டு, பட்டை ஆகியவற்றில் சயனைட்டை வெளியிடக்கூடிய ஒரு சேர்மமும் உண்டு. பலரும் அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடும் வேலை இதுதான். நாற்பது கொத்துக்கு இருவர் இருந்தால் இருபது நிமிடம் போதும்.

தண்ணீரையும் சீனியையும் கொதிக்க வைத்து, சீனி கரைந்ததும் அடுப்பை அணையுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பூவின்மேல் ஊற்றுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பூ வெந்து, பானம் தேயிலை போல மங்கிய சுவை எடுக்கிறது. கை வைத்தால் இளஞ்சூடு தெரியும் அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுவது என் வழக்கம். சிற்றிக் அமிலத்தை அந்தச் சூட்டில் கரைத்து, வில்லைகளாக வெட்டிய எலுமிச்சையையும் பூவையும் அடுக்கடுக்காகப் போட்டு, பூ முழுவதும் அமிழும்படி ஒரு தட்டால் அழுத்தி மூடுங்கள். மேலே மிதக்கும் பூ காற்றுப்பட்டுப் பழுப்பாகும். பூஞ்சணமும் அங்கேதான் தொடங்கும்.

குளிரான இடத்தில், முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியில், மூன்று முதல் நான்கு நாட்கள் வைத்து, நாளுக்கொரு முறை சுத்தமான கரண்டியால் கிளறுங்கள். கூடுதல் நாள் விட்டால் கூடுதல் மணம் வரும் என்று எண்ண வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பின் எலுமிச்சைத் தோலின் கசப்பே ஏறுகிறது. சிறு குமிழிகளும் தோன்றத் தொடங்குகின்றன.

5. வடித்தலும் போத்தலில் அடைத்தலும்

வடிதுணியைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து வடியில் விரித்து, பானத்தை மெதுவாக ஊற்றுங்கள். பூவை முறுக்கிப் பிழிந்தால் கலங்கலும் கசப்பும் சேர்ந்து வரும். தானாகச் சொட்டி முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

போத்தல்களைச் சவர்க்காரத்தால் கழுவி, கொதிநீரால் அலசி, கவிழ்த்து வையுங்கள். இந்த அலசலை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. முதல் ஆண்டு நான் தவிர்த்தேன். கழுவிய போத்தல்தானே என்று எண்ணி, பானத்தை நிரப்பிச் சமையலறை அலுமாரியில் அடுக்கி வைத்தேன். மூன்றாம் வாரம் ஓர் இரவு வெடிச்சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தபோது, ஒரு போத்தலின் மூடி பறந்து, அலுமாரியின் மேற்பலகை முழுவதும் பாகு ஒட்டியிருந்தது. எஞ்சிய போத்தல்களைத் திறந்தால் கள் போல நுரைத்தது. பூவோடு இயற்கையான மதுவம், அதாவது ஈஸ்ட், எப்போதும் கூடவே வருகிறது. இந்த அளவுச் சீனி அதை மெதுவாக்குமே தவிர அழிக்காது.

ஆகவே பாதுகாக்க மூன்று வழிகள் உள்ளன. இரண்டு வாரத்துக்குள் முடியும் அளவைக் குளிர்சாதனப் பெட்டியில் அப்படியே வைக்கலாம். குளிர்காலம்வரை வேண்டுமானால், பிளாஸ்டிக் போத்தலில் நான்கு விரல் இடம் விட்டு நிரப்பி உறையவைக்கலாம். மணம் மிக நன்றாக நிற்பது இந்த வழியில்தான். அலுமாரியில் வைக்க விரும்பினால், வடித்த பானத்தைக் கொதி தொடங்கும்வரை சூடாக்கி, சூடாகவே சூடான கண்ணாடிப் போத்தலில் நிரப்பி உடனே மூட வேண்டும். டேனிஷ் வீடுகளில் அட்டமோன் என்ற, சோடியம் பென்சோவேட்டு அடங்கிய பாதுகாப்புத் திரவத்தையும் சேர்ப்பார்கள். சேர்ப்பதானால் பொதியில் உள்ள அளவை மீறக் கூடாது. எந்த வழியானாலும் போத்தலில் திகதி எழுதுங்கள்.

பரிமாறும்போது ஒரு பங்கு பானத்துக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர் அல்லது சோடா போதும். பானத்தை முதலில் ஊற்றி, தண்ணீரைப் பின்னர் ஊற்றினால் தானாகக் கலக்கும். இல்லையேல் பாகு அடியில் தங்கும்.

6. கோடை: ஸ்னாப்ஸ் ஊறவைத்தல்

இது மது அருந்தும் வயதுவந்தவர்களுக்கான பகுதி. மற்றவர்கள் ஏழாவது பகுதிக்குப் போகலாம். டென்மார்க்கில் வீட்டில் மது காய்ச்சி வடிப்பது சட்டப்படி தடை. கடையில் வாங்கிய மதுவில் மூலிகையை ஊறவைத்துக் குடிப்பது வேறு; இங்கே சொல்வது அதைத்தான்.

அடிப்படை மது மணமற்றதாக இருக்க வேண்டும். 37.5 முதல் 40 வீதம் வரையான சாதாரண வொட்கா அல்லது நிறமற்ற வெறும் ஸ்னாப்ஸ் பொருந்தும். ஆக்வாவிட் என்று எழுதிய போத்தலை வாங்கிவிடாதீர்கள். அதில் சீமைச்சோம்பு அல்லது சதகுப்பையின் மணம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும், நீங்கள் சேர்க்கும் மூலிகை அதனோடு மோதும்.

தொடங்குபவருக்கு யூலாந்தின் ஈரமான புதர்வெளிகளில் வளரும் போர்ஸெ ஏற்றது. இது முழங்கால் முதல் இடுப்பளவு உயரப் புதர். இலையைக் கசக்கினால் பிசினும் பிரியாணி இலையும் கலந்தது போன்ற மணம் வரும். ஒரு கைப்பிடி இலையைக் கண்ணாடிச் சாடியில் தளர்வாகப் போட்டு, இலை மூழ்க மதுவை ஊற்றி மூடி, மறுநாளிலிருந்து தினமும் அரைக் கரண்டி எடுத்துச் சுவையுங்கள். மணம் முன்னே வந்து, கசப்பு பின்னே எட்டிப் பார்க்கும் நாளில் உடனே வடித்துவிட வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் இது நடக்கும். இலைகளை வாரக்கணக்கில் விட்டுவிடுவதே இங்கு பொதுவான தவறு.

வடித்தது குடிக்கும் ஸ்னாப்ஸ் அல்ல, சாரம்தான். அதைச் சில மாதங்கள் இருட்டில் வைத்து, பின்னர் அதே வெறும் மதுவைச் சேர்த்துச் சுவைக்கேற்ப நீர்க்கச் செய்ய வேண்டும். அளவுக்கு மீறிக் கசந்துவிட்டால் கொட்டாதீர்கள்; மேலும் நீர்க்கச் செய்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பெரிக்கோன் என்ற மஞ்சள் பூச்செடியின் விரியாத மொட்டுகளும் மிகவும் பெயர்பெற்றவை. மொட்டை விரலால் நசுக்கினால் செந்நீலச் சாறு வரும். அது மதுவைச் சில நாளில் சிவப்பாக்கும். ஆனால் இந்தச் செடி கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான மருந்து, மனச்சோர்வு மருந்து முதலிய பலவற்றின் வேலையைக் குலைக்கும். நாளாந்தம் மருந்து எடுப்பவர் இருக்கும் மேசையில் இதை வைக்க வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் ஸ்லோவன் எனும் கருநீலக் காட்டுப்பழம் கிடைக்கும். அதன் துவர்ப்பு குறைய உறைபனி படவேண்டும். பொறுக்க முடியாதவர்கள் இரண்டு நாள் உறையவைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். இது இலை போல அல்ல, இரண்டு மூன்று மாதங்கள் ஊறலாம்.

கடை ஆக்வாவிட்டை உறைகுளிரில் பரிமாறும் வழக்கம் உண்டு. வீட்டில் ஊறவைத்ததை அப்படிச் செய்தால் மணம் அடங்கிவிடும். அறைச் சூட்டைவிடச் சற்றுக் குளிராகக் கொடுங்கள். சிறு கிண்ணத்தில், ஊறிய ஹெரிங் மீனும் ரை ரொட்டியும் பக்கத்தில் வைத்துக் கொடுப்பது வழக்கம். குடிக்கும் முன் ஸ்கோல் என்று வாழ்த்துச் சொல்லி, கிண்ணத்தை உயர்த்தும்போதும் இறக்கும்போதும் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்வையைத் தவிர்ப்பது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படும்.

7. செப்ரெம்பர்: ஹ்யூல் பழச்சாறு

கொத்து முழுவதும் கறுத்து, காம்பு சிவந்து, பாரத்தால் தலைகீழாகத் தொங்கும்போது பறியுங்கள். பச்சைக் காய் கலந்தால் சாறு கசக்கும், வயிற்றையும் கெடுக்கும்.

பழுத்த பழத்தையும் பச்சையாக உண்ணக் கூடாது என்பதைச் சிறுவர்களுக்கு முன்னமே சொல்லி வையுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாகக் கொதித்த பிறகே இது உணவாகிறது.

கொத்துகளை ஒரு இரவு உறையவைத்துவிட்டு, மறுநாள் அசைத்தாலே பழம் உதிர்ந்துவிடும். முட்கரண்டியால் சீவுவதைவிட இது விரைவானது, காம்பும் குறைவாகவே விழும். 2 கிலோ பழத்துக்கு 1 லீற்றர் தண்ணீரும், துண்டாக்கிய மூன்று புளிப்பு அப்பிளும் சேர்த்து, கொதி வந்தபின் அரை மணி நேரம் மூடாமல் கொதிக்கவிடுங்கள். வடித்த சாற்றின் ஒவ்வொரு லீற்றருக்கும் 350 கிராம் சீனி சேர்த்து மீண்டும் கொதிக்க வைத்து, சூடாகவே போத்தலில் அடைக்க வேண்டும். துணியில் பட்டால் கறை போகாது; பழைய உடையோடு வேலை செய்யுங்கள்.

8. நவம்பரும் டிசம்பரும்: குளொக்

குளொக் செய்யும் நாளில் முந்திரிகை வற்றலை, அதாவது உலர்ந்த திராட்சையைப் போட்டால், மெல்லும்போது அது தோல் போல இருக்கும். நவம்பர் நடுப்பகுதியிலேயே 100 கிராம் வற்றலைச் சிறு சாடியில் போட்டு, மூழ்கும்வரை ரம் அல்லது போர்ட் வைன் ஊற்றி வையுங்கள். மதுவில்லாத குளொக்குக்குத் தோடம்பழச் (ஆரஞ்சு) சாற்றில் ஊறவைக்கலாம். அதற்கு ஓர் இரவும் குளிர்சாதனப் பெட்டியும் போதும், அதற்கு மேல் புளிக்கும்.

முதல்நாள் மாலை 3 டெசிலீற்றர் தண்ணீரில் இரண்டு கறுவாப் பட்டை, பத்துக் கராம்பு, இடித்த ஏலக்காய் ஒரு தேக்கரண்டி, வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஒரு தோடம்பழத் தோல், 100 கிராம் பழுப்புச் சீனி ஆகியவற்றைப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் மூடி வையுங்கள். பொடி வாசனைத் திரவியம் போட வேண்டாம். கோப்பையின் அடியில் மணலாகத் தங்கும். எங்கள் வீடுகளில் கராம்பைத் தாராளமாகப் போடும் கை உண்டு. இங்கே பத்துக்கு மேல் போனால் நாக்கு மரத்து, வைனின் சுவையே தெரியாது.

மறுநாள் அதை வடித்து, 75 சென்ரிலீற்றர் சிவப்பு வைன் ஒரு போத்தலைச் சேர்த்து மெல்லிய தீயில் சூடாக்குங்கள். மதுசாரம் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும். பானம் கொதித்தால் மது ஆவியாவதுடன் வைனும் கசந்து போகும். ஆவி எழுந்து, ஓரத்தில் குமிழி வருமுன் இறக்க வேண்டும். வற்றலையும், தோல் நீக்கி நீளவாக்கில் சீவிய 50 கிராம் வாதுமையையும் கடைசியில் சேருங்கள்.

மதுவில்லாத வகைக்கு வைனுக்குப் பதிலாக அரை லீற்றர் ஹ்யூல் பழச்சாறும் கால் லீற்றர் அப்பிள் சாறும் எடுங்கள். பழச்சாற்றில் ஏற்கெனவே சீனி இருப்பதால், வாசனைத் தண்ணீருக்குச் சீனி போடாமல் கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது. சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் வைனின் புளிப்பை ஒத்த கூர்மை கிடைக்கும். டென்மார்க்கில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவின் எல்லை 0.5 புரமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) என்பதால், டிசம்பர் விருந்தில் இந்தப் பானைதான் முதலில் காலியாகிறது. இரண்டு பானையும் பார்வைக்கு ஒரே நிறமாக இருக்கும். அகப்பைகளை மாற்றாமல், ஒவ்வொரு பானையிலும் பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டுத்தான் விருந்தினரை அழைக்க வேண்டும்.

கோப்பைக்கு ஒரு சிறு கரண்டி வைக்க மறக்காதீர்கள்; அடியில் கிடக்கும் வற்றலையும் வாதுமையையும் எடுத்து உண்ண அது வேண்டும். பக்கத்தில் எப்ளெஸ்கிவர் எனும் உருண்டைப் பணியாரம், பழப்பாகு, தூள் சீனி ஆகியவற்றை வையுங்கள். எங்கள் குழிப்பணியாரச் சட்டியே அதற்கும் பொருந்தும், குழி சற்றுப் பெரிதாக இருந்தால் போதும்.